ஒரே புஷ், நான்கு கோப்புகள்: வாகன உதிரிபாக ஒப்புதலும் வாடிக்கையாளரின் தனித் தேவைகளும்

ஓசூரிலோ ஒரகடத்திலோ உள்ள ஒரு நடுத்தரத் தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். சிஎன்சி லேத்தில் ஸ்டீல் புஷ் கடைகிறார்கள். சில மைக்ரான் வித்தியாசத்தில் அதே புஷ் ஓர் அமெரிக்க வாகன நிறுவனத்துக்கும், ஒரு ஜெர்மானிய நிறுவனத்துக்கும், ஒரு கொரிய நிறுவனத்துக்கும், ஓர் இந்திய நிறுவனத்துக்கும் போகிறது. மெஷின் ஒன்று, ஆப்பரேட்டர் ஒருவர், அளக்கும் கேஜ் ஒன்று. ஒப்புதலுக்குப் போகும் கோப்பு மட்டும் நான்கு. அமெரிக்க நிறுவனம் பிபேப் (உற்பத்திப் பாக ஒப்புதல் கோப்பு) கேட்கிறது. ஜெர்மானிய நிறுவனம் பிபிஎஃப் கேட்கிறது. கொரிய நிறுவனத்தில் அதற்கு ஐஎஸ்ஐஆர் என்று பெயர். இந்திய நிறுவனமும் பிபேப் என்றுதான் சொல்கிறது, ஆனால் தன் சொந்தப் படிவத்தில்.

கோப்பு ஏற்கப்படும்வரை ஒரு பாகத்துக்குக்கூட பில் போட முடியாது. டூலுக்குப் போட்ட முதல் முடங்கிக் கிடக்கும். வங்கி வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவு பணம் சிக்கிக்கொள்ளும் ஒரு வேலையை நம் தொழிற்கூடங்கள் பலவும் தரத்துறையில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் பொறியாளரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. போன முறை வேறொரு வாடிக்கையாளருக்கு அனுப்பிய கோப்பைத் திறந்து, பெயரையும் பார்ட் நம்பரையும் மாற்றி, மீதியை நிரப்பு என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் பயிற்சி. கோப்பு திரும்பி வந்தால் அவர்தான் திட்டு வாங்குகிறார். கோப்பு திரும்புவதற்கான காரணம் அவர் மேசையில் அரிதாகவே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆர்டருக்கு விலை சொன்ன நாளில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை யாரும் கேட்கவில்லை. செய்யாமல் விட்ட வேலையைக் கடைசி வாரத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளரின் தனித் தேவைகள் என்ற இந்தப் பெரிய கேள்வியை அந்த இடத்திலிருந்து பார்ப்பதே நியாயம்.

மூன்று புத்தகங்கள் ஒன்றான பிறகும்

1980-களில் டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களும் தத்தம் சப்ளையர்களுக்குத் தனித்தனி விதிப் புத்தகம் வைத்திருந்தன. ஃபோர்டுக்கு க்யூ-101. ஜெனரல் மோட்டார்ஸுக்கு ‘டார்கெட்ஸ் ஃபார் எக்ஸலன்ஸ்’. கிரைஸ்லருக்கு அதன் சொந்தத் தரக் கையேடு. மூவருக்கும் பாகம் கொடுத்த சப்ளையர்கள் ஒரே வேலையை மூன்று விதமாக எழுதிக் களைத்துப்போனார்கள். அந்தப் புகாரின் பேரில் 1988-இல் மூன்று நிறுவனங்களும் ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தன. அளவைமுறை, எஃப்எம்இஏ எனப்படும் தவறு-விளைவு ஆய்வு, பாக ஒப்புதல் ஆகியவற்றுக்குப் பொதுக் கையேடுகள் வந்தது அதன் பயன். 1994-இல் க்யூஎஸ்-9000 என்ற பொதுத் தர விதி வந்தது.

அந்த விதியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முதல் பகுதி ஐஎஸ்ஓ 9001 அடிப்படையிலானது. இரண்டாம் பகுதி வாகனத் துறைக்கானது. பிபேப் இங்கே வருகிறது. மூன்றாம் பகுதிக்குப் பெயரே வாடிக்கையாளர்களின் தனித் தேவைகள். ஒன்றாக்குவதற்காக எழுதிய புத்தகத்திலேயே வேறுபாட்டுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டிருந்தது.

பின்னால் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 16949-உம், 2016 அக்டோபரில் அதன் இடத்தைப் பிடித்த ஐஏடிஎஃப் 16949-உம் அதே வழியில்தான் நடக்கின்றன. இப்போதைய விதியின் 4.3.2 பிரிவு ஒரே வரியில் சொல்கிறது: வாடிக்கையாளரின் தனித் தேவைகளை மதிப்பிட்டு உங்கள் தர முறைமைக்குள் சேர்க்க வேண்டும். சான்றிதழ் தணிக்கைக்கு வருபவர் இதைக் கேட்பார். இந்த விதியை வெளியிடும் ஐஏடிஎஃப் அமைப்பின் உறுப்பினர்களான ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெலாண்டிஸ், பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன், ரெனோ போன்றவை தங்கள் தேவைகளைப் பிரிவு எண் வாரியாக வெளியிடுகின்றன. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் ஆகியவை அந்த அமைப்பில் இல்லை. அவை கேட்பது சப்ளையர் கையேட்டிலும் ஒப்பந்தத்திலும் இருக்கும்.

நிறுவனங்கள் ஒரே பேப்பருக்கு ஒத்துவராதது ஏன்? இது வெறும் பிடிவாதம் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். ஒரு பகுதி உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தனி விதிக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு பழைய தோல்வி இருக்கிறது: எங்கோ முறிந்த ஒரு போல்ட், திருப்பி அழைக்கப்பட்ட ஒரு மாடல், நீதிமன்றத்தில் காட்ட முடியாமல் போன ஒரு பதிவேடு. அந்தத் தோல்வி பக்கத்து நிறுவனத்துக்கு நேராததால் அதன் புத்தகத்தில் அந்த வரி இல்லை. இதைப் புரிந்துகொண்டால் எந்தத் தேவையை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வது என்பதும் தெளிவாகும்.

கோப்புக்குள் இருப்பவை

பிபேப் கையேட்டின் நான்காம் பதிப்பு 2006-இல் வந்தது. அதில் 18 அங்கங்கள். வரைபடம், பொறியியல் மாற்றப் பதிவு, டிசைன் எஃப்எம்இஏ, பிராசஸ் ஃப்ளோ, பிராசஸ் எஃப்எம்இஏ, கண்ட்ரோல் பிளான், அளவைமுறை ஆய்வு, அளவு முடிவுகள், பொருள் சோதனை, ஆரம்பத் திறன் ஆய்வு, மாஸ்டர் சாம்பிள் என்று போகிறது பட்டியல். பதினெட்டாவதாக, எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கையெழுத்திடும் வாரண்ட்; எல்லாரும் பிஎஸ்டபிள்யூ என்று சொல்வது. எவ்வளவு ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு ஐந்து நிலைகள் உண்டு. முதல் நிலையில் வாரண்ட் மட்டும் போதும். வாடிக்கையாளர் வேறு எதுவும் சொல்லாவிட்டால் மூன்றாம் நிலை. சாம்பிளும் முழு ஆதாரங்களும் போக வேண்டும். ஐந்தாம் நிலையில் அவர்களே நம் ஆலைக்கு வந்து பார்ப்பார்கள்.

எந்த நிலை என்றாலும் வேலை குறையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிலை என்பது எதை அனுப்புவது என்பதற்கு மட்டும்தான். 18 அங்கங்களில் நமக்குப் பொருந்தும் எல்லாமே நம்மிடம் தயாராக இருக்க வேண்டும். முதல் நிலைதானே என்று வாரண்ட்டை மட்டும் தயாரித்துக் கையெழுத்திட்டவர், இல்லாத ஆதாரத்துக்குச் சான்று கொடுத்திருக்கிறார்.

வாரண்ட்டில் ஒரு சிறிய கட்டம் இருக்கிறது: பாகத்தின் எடை. கிலோவில், நான்கு தசம இடம் வரை. 10 பாகங்களைக் கலந்து எடுத்து, ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்து, சராசரி எழுத வேண்டும் என்கிறது கையேடு. அச்சில் பல குழிகள் இருந்தால் ஒவ்வொரு குழியிலிருந்தும் குறைந்தது ஒன்று வேண்டும். நான்காம் தசமம் என்றால் 0.1 கிராம். கிடங்கில் இருக்கும் 5 கிராம் தராசு இதற்கு உதவாது. அதனால் பல இடங்களில் டிசைன் சாப்ட்வேர் காட்டும் எடையை அப்படியே எழுதிவிடுகிறார்கள். வாங்கும் பொறியாளர் சாம்பிளைத் தன் தராசில் வைத்துப் பார்த்தால் அங்கேயே தெரிந்துபோகும். எடை தப்பு என்பதைவிட, நிறுக்காமலேயே எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிந்துபோகும். பிறகு அளவு முடிவுகளில் இருக்கும் 42 எண்களையும் அவர் எந்த நம்பிக்கையில் படிப்பார்?

கோப்பின் முதுகெலும்பு மூன்று ஆவணங்கள்: பிராசஸ் ஃப்ளோ, பிராசஸ் எஃப்எம்இஏ, கண்ட்ரோல் பிளான். ஃப்ளோவில் ஆபரேஷன் 40 கிரைண்டிங் என்றால், எஃப்எம்இஏ-விலும் 40-இல் கிரைண்டிங்கில் என்ன தவறு நேரலாம் என்று இருக்க வேண்டும். கண்ட்ரோல் பிளானில் 40-இல் அந்தத் தவறை எப்படிப் பிடிக்கிறோம் என்று இருக்க வேண்டும். சொல்ல எளிது. ஆலைக்குள் நடந்து பார்த்தால், லேத்துக்கும் கிரைண்டருக்கும் நடுவே ஒரு மேசை போட்டு இரண்டு பேர் அரத்தால் பிசிறு எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த மேசை ஃப்ளோவில் இருக்காது. கேட்டால், அது தற்காலிகம் என்பார்கள். பிசிறு எடுக்கும்போது விளிம்பு அளவுக்கு மேல் தேய்ந்தால் அது எஃப்எம்இஏ-வில் இருந்திருக்க வேண்டிய தவறு. ரீவொர்க், வெளியே போய் வரும் ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங், பாக்கிங் ஆகியவையும் இப்படித்தான் விட்டுப்போகின்றன. நல்ல ஆய்வாளர் கோப்பைப் படிக்கும் முன் ஆலையைச் சுற்றி வருவதற்கு இதுவே காரணம்.

அளவைமுறை ஆய்விலும் இதே பிசகு நடக்கிறது. கேஜ் ஆர்&ஆர் என்றால் வழக்கமாக 10 பாகம், 3 பேர், ஆளுக்கு 2 அல்லது 3 தடவை. அளவைமுறையால் வரும் சிதறல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்த அளவைமுறை உதவாது. ஷிஃப்டில் நிஜமாக அளக்கும் ஆப்பரேட்டர்களை விட்டுவிட்டு, குளிரூட்டப்பட்ட ஆய்வகத்தில் கைதேர்ந்த மூன்று இன்ஸ்பெக்டர்களை வைத்து இதைச் செய்தால் எண் அழகாக வரும். இரவு ஷிஃப்டில் அளக்கப்போகும் ஆளைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

நிஜமான வேறுபாடுகள்

நான்கு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரும்பகுதி படிவ வேறுபாடு. கட்டம் இடம் மாறியிருக்கும், லோகோ மாறியிருக்கும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. நிஜமான வேறுபாடுகள் சில இடங்களில்தான் இருக்கின்றன. அவற்றைத் தனியே அறிந்துவைத்திருப்பவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

முதலாவது, சிறப்பு அளவுகளின் குறியீடு. பாதுகாப்பு சார்ந்த அளவை ஃபோர்டு வரைபடம் தலைகீழ் முக்கோணத்தால் காட்டும். கிரைஸ்லர் வழிவந்த வரைபடங்களில் டைமண்டும் கேடயமும் வரும். ஃபோக்ஸ்வாகனில் ‘டி’ என்ற எழுத்து. ஆலைக்குள் நம் சொந்தக் குறியீட்டைப் பயன்படுத்த ஐஏடிஎஃப் விதி அனுமதிக்கிறது. ஆனால் எது எதற்குச் சமம் என்ற மாற்று அட்டவணை வேண்டும். வரைபடத்தில் உள்ள குறியீடு எஃப்எம்இஏ, கண்ட்ரோல் பிளான், ஆப்பரேட்டர் பார்க்கும் வேலைக் குறிப்பு வரை தொடர்ந்து வர வேண்டும். அந்தச் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தாலும் கோப்பு திரும்பும். திரும்பத்தான் வேண்டும் என்பேன். பிரேக்கையோ ஸ்டியரிங்கையோ தொடும் அளவு என்று மெஷினில் நிற்பவருக்குத் தெரியாவிட்டால் அந்தக் குறியீடு வரைபடத்தில் இருந்து என்ன பயன்?

அடுத்து எண்கள். பொதுக் கையேட்டின்படி ஒப்புதலுக்கான உற்பத்தி ஓட்டம் ஒரு மணி முதல் எட்டு மணி நேரம், தொடர்ச்சியாகக் குறைந்தது 300 பாகம். வாடிக்கையாளர் வேறு சொன்னால் அது. ஆரம்பத் திறன் ஆய்வில் குறியெண் 1.67-ஐத் தாண்டினால் ஏற்கலாம், 1.33-க்குக் கீழே போனால் ஏற்க முடியாது, இடையில் இருந்தால் வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். பொதுவான எண்கள் இவை. தனித் தேவைகள் இங்கேதான் மாறும். எந்த அளவுகளுக்குத் திறன் ஆய்வு, எத்தனை பாகம், எவ்வளவு குறியெண் என்பதை விலை சொல்லும் முன்பே அறிந்திருந்தால் எந்த மெஷின், எந்த கேஜ் என்பதும் அதற்கேற்ப முடிவாகும். 1.33-க்குத்தான் தாங்கும் லேத்தில் 1.67 கேட்கும் அளவை ஒப்புக்கொண்டவர் பிறகு கிரைண்டர் வாங்குகிறார், அல்லது எண்ணைத் திருத்துகிறார்.

உற்பத்தி வேகத்தை நிரூபிப்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஃபோர்டு ஒப்புதலைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறது; ஒரு லைனில் தரம் சரி என்று காட்டுவது வேறு, எல்லா லைனும் சேர்ந்து ஒப்பந்த அளவைத் தரும் என்று காட்டுவது வேறு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் இரண்டு நாள் உற்பத்தி என்ற பரிசோதனை உண்டு. ஜெர்மன் வாகனத் துறைச் சங்கமான விடிஏ-வின் 2-ஆம் தொகுதி சொல்லும் பிபிஎஃப் முறையில் எனக்குப் பிடித்தது, என்னென்ன காட்டப்போகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே இருதரப்பும் உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது. 2020-இல் வந்த ஆறாம் பதிப்பு இதை அழுத்திச் சொல்கிறது. அந்த ஒரு பேச்சுவார்த்தை ஒழுங்காக நடந்தால் பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை வராது. பிபேப் கேட்கும் வாடிக்கையாளரிடமும் அப்படி ஒரு கூட்டத்தை நாமே கேட்டுப் பெறலாம். தடுப்பவர் யாரும் இல்லை.

எஃப்எம்இஏ-வில் இப்போது ஓர் இடைக்காலக் குழப்பம். அமெரிக்கச் சங்கமான ஏஐஏஜி-யும் விடிஏ-வும் சேர்ந்து 2019-இல் பொதுக் கையேடு வெளியிட்டன. மூன்று எண்களைப் பெருக்கும் பழைய ஆர்பிஎன் போய், செயல் முன்னுரிமை என்ற அட்டவணை முறை வந்தது. சில வாடிக்கையாளர்கள் புதியதுதான் வேண்டும் என்கிறார்கள், சிலர் பழையதில் நிற்கிறார்கள். ஒரே கிரைண்டிங் வேலைக்கு இரண்டு எஃப்எம்இஏ-க்களைத் தனித்தனியாக எழுதினால் ஆறே மாதத்தில் அவை இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். ஒரு பிராசஸ் குடும்பத்துக்கு ஓர் அடிப்படை எஃப்எம்இஏ வைத்து, கடுமையான முறையில் அதைப் பராமரித்து, மற்றவருக்கு வேண்டிய வடிவத்தில் எடுத்துக் கொடுப்பதே சரியான வழி.

பொருள் விவரம் வேறு தளம். பழைய வாகனங்களைப் பற்றிய 2000-ஆம் ஆண்டின் ஐரோப்பிய உத்தரவு ஈயம், பாதரசம், ஆறிணைதிறக் குரோமியம் ஆகியவற்றை ஒரே சீரான பொருளில் 0.1 சதவீதத்துக்குள்ளும் காட்மியத்தை 0.01 சதவீதத்துக்குள்ளும் நிறுத்தியது. விலக்குகள் தனி. அதை ஒட்டி வந்த ஐஎம்டிஎஸ் தரவுத்தளத்தில் பாகத்தின் ஒவ்வொரு கிராமும் எதனால் ஆனது என்று பதிய வேண்டும். இது கடைசி நாளில் முடிகிற வேலை இல்லை. கம்பி கொடுத்தவர், பிளேட்டிங் செய்தவர், பெயிண்ட் கொடுத்தவர் என்று எல்லாரும் தத்தம் பகுதியைப் பதிந்த பிறகே நம்முடையது முழுமையாகும்.

சுவிட்சுக்குள் இருந்த ஸ்பிரிங்

ஆவணம் என்பது சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரத்தைத்தான் காட்டுவேன். சாவி லேசாக இடறினாலே சுவிட்ச் அணைந்துவிடும், எஞ்சின் நிற்கும், விபத்தில் ஏர்பேக் விரியாது. 2014-இல் உலகெங்கும் சுமார் 26 லட்சம் கார்களைத் திருப்பி அழைத்தார்கள். நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. நிறுவனமே நியமித்த வழக்கறிஞர் குழுவின் அறிக்கை அதே ஆண்டில் வெளியானது. அதன்படி, சோதனைகளில் சுவிட்ச், வரையறை கேட்ட முறுக்குவிசையைத் தரவில்லை. அது தெரிந்தும் 2002-இல் ஒப்புதல் கொடுக்கப்பட்டது. 2006-இல் சுவிட்சுக்குள் இருந்த ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் நீளமானவையாக மாற்றப்பட்டன. மாற்றம் நல்ல மாற்றம்தான். ஆனால் பார்ட் நம்பர் மாறவில்லை. பழைய சுவிட்ச், புதிய சுவிட்ச் இரண்டும் ஒரே எண்ணில் கலந்துபோயின. பிந்தைய கார்களில் இந்தக் கோளாறு ஏன் குறைகிறது என்று தேடிய புலனாய்வாளர்கள், பாகம் மாறவே இல்லை என்று ஆவணம் சொன்னதை நம்பி ஆண்டுக்கணக்கில் தடம் மாறிப் போனார்கள்.

இங்கே தவறு சப்ளையரின் கோப்பில் மட்டும் இல்லை. வாங்கியவரின் கையெழுத்திலும் இருந்தது. வரையறையை எட்டாத பாகத்துக்கு இடைக்கால ஒப்புதல் தரும் வழி பிபேப் முறையில் உண்டு. அதில் எவ்வளவு காலம், எத்தனை பாகம், சரிசெய்யும் திட்டம் என்ன என்று எழுத வேண்டும். வாடிக்கையாளரின் பொறியாளர் வாய்மொழியாகப் ‘பரவாயில்லை, அனுப்புங்கள்’ என்றால் அந்தப் பரவாயில்லையை எழுத்தில் வாங்க வேண்டும். நம் ஊரில் இந்த வாய்மொழி இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. அதையும் ஒரு விலகல் ஒப்புதலாக முறைப்படி மாற்றிக் கோப்பில் சேர்க்கத் தயங்கக் கூடாது. கேட்டால் வாடிக்கையாளர் கோபிப்பாரோ என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. இருந்தும் கேட்கத்தான் வேண்டும்.

தரவைத் திருத்துவது இன்னும் மோசமான தூரத்துக்குக் கொண்டுபோகும். ஏர்பேக் நிறுவனமான தகாடா, வாகன நிறுவனங்களுக்குத் திருத்திய சோதனைத் தரவு கொடுத்ததற்காக 2017-இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கொடுக்க ஒப்பியது. அதே ஆண்டில் திவாலானது. கோபே ஸ்டீல் உலோகங்களின் தரவை மாற்றியதாக அதே 2017 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. இவை உலகப் பெயர் பெற்ற நிறுவனங்கள். அளவு வரவில்லை என்றால் எக்செல்லில் வரவைப்பது, பொருத்தம் பார்ப்பதற்காக ஜாதகத்தையே திருத்தி எழுதுவது போன்றது. கல்யாணம் நடந்துவிடும். வாழ வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

கீழ் அடுக்கு

வாகன நிறுவனத்தின் தேவை முதல் அடுக்கு சப்ளையருக்கு வருகிறது. அவர் அதை இரண்டாம் அடுக்குக்குத் தள்ளுகிறார். அவர் மூன்றாம் அடுக்குக்கு. அம்பத்தூரிலும் கோவையிலும் ஜாப் ஒர்க் செய்யும் சிறு கூடங்கள் இந்த ஏணியின் கடைசிப் படி. மேலே 60 பக்கமாக இருந்த தேவை, கீழே வரும்போது ‘பிபேப் லெவல் 3 வேண்டும்’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. எந்த அளவு பாதுகாப்பு சார்ந்தது, எந்தச் சோதனை கட்டாயம் என்பது வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கடைசிப் படியில் இருப்பவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நிரப்பி அனுப்புகிறார்.

ஹீட் ட்ரீட்மென்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல வாடிக்கையாளர்கள் ஏஐஏஜி-யின் சிக்யூஐ-9 மதிப்பீடு கேட்கிறார்கள். பிளேட்டிங்குக்கு 11, பெயிண்ட்டுக்கு 12, வெல்டிங்குக்கு 15. சிக்யூஐ-9 என்றால் உலையின் வெப்பம் எல்லா மூலையிலும் சீராக இருக்கிறதா என்று காலமுறையில் அளந்து காட்ட வேண்டும். தெர்மோகப்பிளுக்குக் கணக்கு வைக்க வேண்டும். இரண்டு உலை வைத்திருக்கும் ஒரு சிறு கூடத்துக்கு இது பெரிய செலவு. இதற்கான பணத்தை யாரும் விலையில் சேர்த்துத் தருவதில்லை. கேட்பவர்கள் செலவிலும் பங்கேற்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. முதல் அடுக்கு நிறுவனம் தன் பொறியாளரை இரண்டு நாள் அனுப்பி முதல் மதிப்பீட்டைச் சேர்ந்து செய்து கொடுத்தாலே போதும், நிலைமை நிறைய மாறும்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக் குறிப்பு, அதைப் பின்பற்றுபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ஐஏடிஎஃப் 16949-இன் 8.5.1.2 பிரிவு கேட்கிறது. கோப்பு ஆங்கிலத்தில் போகட்டும். மெஷினில் தொங்கும் தாள் தமிழில் இருக்கட்டும் என்று முன்பு பலரும் சரியாகவே செய்தார்கள். இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் லைன்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறைய. தமிழ்த் தாள் அவர்களுக்கு ஆங்கிலத் தாளைப் போலவே எட்டாது. இந்தியிலும் ஒடியாவிலும் தாள் வைத்து, சரி பாகத்தையும் தவறான பாகத்தையும் பக்கத்திலேயே மாட்டிவைத்த கூடங்கள் இருக்கின்றன. அந்தக் கூடங்களில் கோப்பும் தரையும் ஒன்றையே சொல்கின்றன.

விலை சொல்லும் முன்

வழி என்ன என்று கேட்டால், தொடக்கம் விலைப்புள்ளியில்தான். விசாரணை வந்த உடனே வரைபடத்தோடு அந்த வாடிக்கையாளரின் தனித் தேவைகளின் தற்போதைய பதிப்பையும் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதை விற்பனை, உற்பத்தி, தரம், கொள்முதல் என நால்வரும் ஒரே மேசையில் படிக்க வேண்டும். ஒரு பக்கம் ஐஏடிஎஃப் பிரிவு எண், எதிரில் ஒவ்வொரு வாடிக்கையாளர் என்று ஓர் அட்டவணை போட்டு, மாறுபடும் கட்டங்களை மட்டும் நிரப்பி, அந்தக் கட்டத்துக்கு நம் ஆலையில் யார் பொறுப்பு, எந்த நடைமுறையில் சேர்த்தோம் என்று எழுதினால் தணிக்கையாளருக்கும் அதுவே பதில். பல ஆலைகளில் இந்த அட்டவணை இருக்கிறது. தணிக்கைக்கு முந்தின வாரம் மட்டும் திறக்கப்படுகிறது என்பதுதான் குறை. வாடிக்கையாளர்கள் தங்கள் தேவைகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். கடைசியாகப் பார்த்த தேதியை எழுதி, காலாண்டுக்கு ஒருமுறை ஒருவர் பார்க்கும்படி வைத்தால்தான் அட்டவணைக்கு உயிர் இருக்கும்.

பிறகு, செய்யச் செய்யப் பதிவது. டூல் டிரையலில் எடுத்த அளவுகள், கேஜ் வந்த நாளில் செய்த ஆய்வு, 300 பாக ஓட்டத்தின் ஷிஃப்ட் பதிவு எல்லாம் அந்தந்த நாளில் ஒரு மூலக் கோப்பில் சேர்ந்தால், நான்கு வாடிக்கையாளரின் நான்கு படிவமும் அதிலிருந்து எடுத்து எழுதும் வேலைதான். ஒவ்வொரு அளவுக்கும் எண்ணிட்டுப் பலூன் போட்ட வரைபடத்தின் எண்களே அளவு அறிக்கையிலும் கண்ட்ரோல் பிளானிலும் வரட்டும். ஆண்டுதோறும் மாறும் தரத்துறை ஊழியர்களுக்குக் கோப்பு புரிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

வாகன நிறுவனங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நிராகரிக்கும்போது ‘பிபேப் சரியில்லை’ என்று மட்டும் எழுதக் கூடாது. எந்த அங்கம், எந்த வரி, எந்தத் தேவையின் எந்தப் பதிப்பின்படி என்று எழுத வேண்டும். ஒரே வாடிக்கையாளரின் இரண்டு பொறியாளர்கள் இரண்டு விதமாகக் கேட்பதை அந்த நிறுவனம்தான் சரிசெய்ய வேண்டும். பொதுக் கையேட்டுக்கு மேல் எதைக் கேட்டாலும் அது எந்தத் தோல்வியைத் தடுக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால், சப்ளையர் படிவத்தை நிரப்புவதோடு நிற்காமல் அந்தத் தோல்வியையே தேடுவார்.

ஒப்புதலுக்குப் பின்

வாரண்ட்டில் கையெழுத்து விழுந்த மறுநாள் கோப்பை அலமாரியில் பூட்டிவிடுவதுதான் வழக்கம். ஆனால் மெஷினை வேறு கட்டடத்துக்கு மாற்றினால், பிளேட்டிங் செய்பவரை மாற்றினால், டூலைப் புதுப்பித்தால், பொருளை மாற்றினால் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெரும்பாலும் மறு ஒப்புதல் வேண்டும். 12 மாதமோ அதற்கு மேலோ ஓடாமல் கிடந்த டூலை மீண்டும் ஓட்டினாலும் அப்படியே. ஜப்பானிய, கொரிய வாடிக்கையாளர்கள் இதை 4எம் மாற்றம் என்பார்கள்: ஆள், மெஷின், பொருள், முறை. ஆள் மாறினாலும் தகவல் கேட்பவர்கள் உண்டு. எங்கே வரம்பு என்பதையும் முதல் நாள் கூட்டத்திலேயே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்புதல் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதற்கு ஐஏடிஎஃப் விதி தெளிவாகச் சொல்கிறது: அந்தப் பாகம் உற்பத்திக்கும் சர்வீஸுக்கும் தேவைப்படும் காலம் முழுவதும், அதற்கு மேல் ஒரு காலண்டர் ஆண்டு. சில வாடிக்கையாளர்கள் பாதுகாப்புப் பாகங்களுக்கு இன்னும் நீண்ட காலம் கேட்பார்கள். ஃபோர்டு இந்தியாவில் வாகன உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. அந்தக் கார்கள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. அவற்றுக்குச் சர்வீஸ் பாகம் வேண்டியிருக்கிறது. அந்தப் பாகங்களைச் செய்தவர்கள் டூலையும் மாஸ்டர் சாம்பிளையும் கோப்பையும் காத்து வைத்திருக்க வேண்டும். 12 மாதம் தூங்கிய டூலை எழுப்பும்போது முதல் ஒப்புதலின் அளவுகளோடு ஒப்பிட அவர்களிடம் இருப்பது அந்தப் பழைய கோப்பு மட்டுமே. அன்று எடையை நிறுத்து எழுதினார்களா, ஊகித்து எழுதினார்களா என்பது அந்த ஒப்பீட்டில் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.